கற்பிட்டியில் படகு பிடித்த கதை

(நூற்றாண்டு விழாப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், 1996 உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு வகுப்பும் தன்னைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது நாங்கள் கொஞ்சம் தடுமாறினோம். எங்களுக்கு முந்திய வகுப்பினர் நூலகத்துக்குக் கூரை போட்டுத் தந்திருக்கிறார்கள். பிந்திய வகுப்பினர் கணினி அறை தந்திருக்கிறார்கள். எங்களுடையது சிதறிய வகுப்பு. 1995 ஐப்பசியில் ஊரோடு எழும்பிப் போய், ஆளுக்கொரு இடத்தில் இருந்து பரீட்சை எழுதிய வகுப்பு. சேர்ந்து செய்த காரியம் என்று சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. இந்த வருடம் மாசி மாதத்தில்தான் முதன்முதலாக ஆறு பேர் சேர்ந்து மூன்று நாள் ஓரிடத்தில் தங்கினோம். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போனோம். அங்கே படகு பிடித்த கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

படகு பிடிப்பது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஆறு பேர் மூன்று வாரம் வட்ஸ்அப்பில் சண்டை பிடித்த விஷயம் அது.

எங்களுக்கு டொல்பினை முதலில் காட்டியது கடல் அல்ல, கரும்பலகை. "இது மீன் இல்லைப் பிள்ளையள். எங்களைப்போல மேலே வந்து மூச்சு விடும், எங்களைப்போல பிள்ளைக்குப் பால் குடுக்கும்" என்று சொல்லிச் சொல்லி எங்கள் உயிரியல் ஆசிரியை படம் கீறினார். கடற்கரைப் பிள்ளைகள் இருவர் எழும்பி, "ரீச்சர், எங்கட அப்பா அதை ஓங்கில் எண்டு சொல்லுவார்" என்றார்கள். அன்றிரவு அந்தப் படத்தை ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கொப்பியில் திருப்பிக் கீறினோம். கல்லூரி மதிலில் இருந்து கடல் அரை மைலும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் கடலைப் பார்க்கப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதைக் காதால் கேட்டதோடு சரி.

ஆகவே கனடாவில் இருப்பவள் லீவில் வருகிறாள், எங்கே போவோம் என்று பேச்சு வந்தபோது, "அந்த ஓங்கிலை ஒருக்கால் கண்ணால பாப்பமடி" என்று ஒருத்தி எழுதியதும் எல்லோரும் சரி என்றோம்.

எங்கே, எப்போது என்பதில் பிரச்சினை இருக்கவில்லை. இதைத் தெரியாமல் போய் ஏமாறுபவர்கள் பலர் என்பதால் சொல்லி வைக்கிறோம். மேற்குக் கரையில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை கடல் அமைதியாக இருக்கும். வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் அங்கே சுற்றுலாப் படகுக்கு வேலை இல்லை. திருகோணமலை இதற்கு நேர் எதிர். அங்கே வைகாசி முதல் புரட்டாதி வரைதான் நல்ல காலம். ஆவணி விடுமுறையில் கற்பிட்டியில் அறை எடுத்த குடும்பம் ஒன்றை எங்களுக்குத் தெரியும். பெரிய பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுகிற வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

கற்பிட்டி, புத்தளம் கடல்நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் நிலம். பாலாவிச் சந்தியில் திரும்பிய பிறகு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணலும் தென்னையும் காற்றாலைகளும். முனையில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை. வழியெல்லாம் தமிழ் கேட்கிறது. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் வந்து குடியேறியதும் இந்தப் பக்கம்தான். அதைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு மேடை வேண்டும்.

இனிப் படகு.

எங்களில் இருவருக்கு முன் அனுபவம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் தென்கரையில் திமிங்கிலம் பார்க்கக் குடும்பங்களோடு போயிருந்தார்கள். எந்த ஊர், எந்தப் படகு என்பது வேண்டாம். உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் ஒரே கட்டாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கிடந்தன. முடிச்சை அவிழ்க்க ஒருவராலும் முடியவில்லை. ஒரு திமிங்கிலம் மேலே வந்தது. பதினொரு படகுகள் அதைச் சூழ்ந்தன. அது தாழ்ந்தது. எல்லாப் படகுகளும் புகை கக்கிக்கொண்டு அடுத்த பக்கம் ஓடின. பிள்ளைகள் மூவர் வாந்தி எடுத்தபடி இருந்தார்கள். கரைக்கு வந்ததும் ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, நாங்கள் அதைப் பிடிக்கவா போனனாங்கள்?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை அந்தத் தாய் எங்கள் குழுவில் எழுதினாள். அதன் பிறகுதான் நாங்கள் ஆராய்ந்து பார்த்துப் படகு பிடிப்பது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, தங்கப் போகும் விடுதியின் சொந்தப் படகு. பளபளப்பான வேகப் படகு. "100 வீதம் டொல்பின். காணாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது, இணையத்தில் கண்ட ஒருவர். அதற்குப் பாதி விலை, டொல்பினோடு நீந்தலாம் என்று படமும் போட்டிருந்தார். மூன்றாவது, வங்கியில் வேலை செய்பவளுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தந்த தொலைபேசி இலக்கம். கடற்றொழிலாளி, சொந்தமாக ஒரு பைபர் படகு, சுற்றுலாக் காலத்தில் ஆட்களையும் ஏற்றுவார்.

கனடாக்காரி விடுதிப் படகின் பக்கம். "காசு குடுக்கிறம், காணாட்டில் திருப்பித் தரத்தானே வேணும்? இதிலை என்ன பிழை?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எங்களுக்குள் ஒரு மருத்துவரும் இருக்கிறாள். நூறு வீதம் சுகப்படுத்துவேன் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள் என்று நோயாளருக்குத் தினமும் சொல்லி அலுத்தவள். அவளுக்கு அந்த 100 வீதம் உறுத்தியது. கடலில் ஓடித்திரியும் ஒரு காட்டு விலங்கை 100 வீதம் காட்டுவேன் என்று ஒருவர் பொறுப்பெடுத்தால், காட்டும்வரை அவர் துரத்தத்தானே வேண்டும்? காணாவிட்டால் பணம் போய்விடும் என்ற பயம் படகோட்டியின் கையில்தான் இருக்கும். அந்தக் கை இயந்திரத்தின் மேல் இருக்கும்.

துரத்தினால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றிரவு நாங்கள் மறுபடியும் உயிரியல் வகுப்புப் பிள்ளைகள் ஆனோம்.

கற்பிட்டியில் கூட்டம் கூட்டமாக, சில நாட்களில் நூற்றுக்கணக்கில் காணப்படுவது சுழலும் டொல்பின். ஆறு, ஏழு அடி நீளம். தண்ணீருக்கு மேலே பாய்ந்து பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விழும். அதனால் அந்தப் பெயர். இவை இரவில்தான் இரை தேடுகின்றன. பகலில் ஆழத்தில் கிடக்கும் சின்ன மீன்களும் கணவாய்களும் இரவில் மேலே ஏறி வரும்போது அவற்றைப் பிடிக்கின்றன. விடிந்த பிறகு ஓய்வு. ஹவாயிலும் செங்கடலிலும் இதை நெடுங்காலம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எங்களைப்போலப் படுத்துத் தூங்க அவற்றால் முடியாது. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதால் மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், இரவுக் கடமை முடித்து வந்த தாதியின் அறைக்குள் காலை எட்டு மணிக்குப் பத்துப் பேர் சத்தம் போட்டுக்கொண்டு நுழைவது போன்றது நாங்கள் செய்யப் போகும் காரியம். வைத்தியசாலை விடுதியில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஹவாயில் 2021இல் இதற்கென்றே சட்டம் வந்தது. கரையில் இருந்து 2 கடல்மைலுக்குள், இந்த டொல்பின்களை 50 யாருக்குள் படகாலோ நீந்தியோ நெருங்கக் கூடாது. அவுஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டி, டொல்பினுக்கு 50 மீற்றருக்குள் படகு போகக் கூடாது, 150 மீற்றருக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது. எங்கள் நாட்டிலும் திமிங்கிலமும் டொல்பினும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவைதான். ஆனால் நடுக்கடலில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? படகில் ஏறுகிறவர்கள்தான்.

இதை வாசித்ததும் நீந்தலாம் என்றவர் தானாகவே விழுந்துவிட்டார். எங்களில் நால்வருக்கு நீந்தத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

வேகப் படகை நிறுத்தியது வேறொன்று. வேகமாகப் போகும் சின்னப் படகு அலைமேல் ஏறி விழும்போது முன்பக்கத்தில் இருப்பவரின் முள்ளந்தண்டில் அந்த அடி முழுவதும் இறங்கும். முள்ளந்தண்டு என்பு நொறுங்கியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வயதுப் பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் காலத்தில், என்பு தேயத் தொடங்கிவிடும். எங்களில் ஒருத்திக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. ஆகவே மெதுவாகப் போகும் படகு, இருக்கை நடுவில் அல்லது பின்பக்கத்தில் என்று முடிவு செய்தோம். மூத்த அக்காமார் இதை மறக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் முன்னுக்கு வாங்கோ என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். சேலையோடும் படகில் ஏற வேண்டாம்.

இவ்வளவு நேரமும் எங்கள் சண்டைக்குள் வராமல் ஒருத்தி இருந்தாள். கிளிநொச்சிப் பக்கத்தில் தபாலகத்தில் வேலை. எல்லாவற்றுக்கும் பெருவிரலைக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதினாள்: "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் கரையிலை இருந்து உங்கட பைகளைப் பாக்கிறன்." வாந்திக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தோம். கடற்பயண வாந்திக்குக் குளிசை உண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும், வெறும் வயிற்றோடு வரக் கூடாது, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் சரி என்று எங்கள் மருத்துவர் நீளமாக எழுதினாள். அவளும் "நன்றி டொக்டர்" என்று பதில் போட்டாள். இருபது வருடமாக நோயாளர் சொல்வதைக் கேட்டுப் பழகியவள், சொல்லாததை அன்று கேட்கவில்லை.

கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம், அந்தக் கடற்றொழிலாளியைக் கடற்கரையிலேயே சந்தித்தோம். அறுபது கடந்தவர். நானா என்றுதான் கூப்பிட்டோம். "வாங்க மகள், இருங்க" என்று கவிழ்த்துக் கிடந்த ஒரு படகைக் காட்டினார். எங்களிடம் தாளில் எழுதிய கேள்விகள் இருந்தன. வெட்கப்படாமல் தாளைப் பார்த்தே கேட்டோம்.

பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா? இருந்தது, காட்டினார். அங்கிகளைப் பார்க்கலாமா? ஏழு அங்கிகளைக் கொண்டுவந்து மணலில் பரப்பினார். ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் கொக்கி உடைந்திருந்தது. நாங்கள் கவனிக்கும் முன்னம் அவரே அதை எடுத்து அப்பால் எறிந்துவிட்டு, "இன்னொண்டு எடுத்து வா" என்று மகனை அனுப்பினார். எங்கள் வங்கிக்காரி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவளுடைய மனத்தில் கடன் அனுமதிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது இயந்திரம் இருக்கிறதா? இல்லை என்றார். மகன் கூட வருவார், துடுப்பு இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, மைத்துனரின் படகும் அதே நேரம் அதே கடலில் நிற்கும் என்றார். இல்லாததை இல்லை என்று சொன்னது எங்களுக்குப் பிடித்தது.

"டொல்பின் காணாட்டில்?" என்று கேட்டாள் கனடாக்காரி.

"காணாட்டிக் காணாதுதான் மகள். கடல் என்ட வளவு இல்லையே."

"கண்டால் என்ன செய்வீங்கள்?"

அவர் ஒரு ஈர்க்கை எடுத்து மணலில் கோடு கீறினார். கூட்டம் இப்படிப் போகிறது என்று வையுங்கள். முன்னால் போய் மறிக்கவும் கூடாது, நடுவே வெட்டவும் கூடாது. பக்கத்தால், தள்ளி, அதன் வேகத்துக்கு நாங்களும் போவோம். பிறகு இயந்திரத்தை நிறுத்துவோம். அதற்கு விருப்பம் என்றால் அதுவே கிட்ட வரும். குட்டியோடு போகிற தாயைக் கண்டால் இன்னும் தள்ளிப் போவோம். இதை எந்த வழிகாட்டியிலும் படித்ததாக அவர் சொல்லவில்லை. ஓங்கில் கூட்டத்துக்குக் கீழே சூரை நிற்கும், கூட்டத்தைக் கலைத்தால் சூரையும் போய்விடும், வாப்பா காலத்தில் இருந்தே அப்படித்தான் என்றார். டொல்பின்மேல் இரக்கம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வலையில் ஓங்கில் சிக்குவதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

எழும்பப் போனோம். அப்போதுதான், அதுவரை மணலைக் கிளறிக்கொண்டிருந்த தபாலகத்துத் தோழி வாய் திறந்தாள்.

"நானா, நடுவிலை ஒராள் திரும்புவம் எண்டு சொன்னால் திருப்புவீங்களோ?"

எங்கள் தாளில் இல்லாத கேள்வி. நானா உடனே பதில் சொல்லவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திருப்புவேன். ஏன் எண்டு கேக்கவும் மாட்டேன். எண்ணெய்க் காசை மட்டும் தாங்க."

விடுதிக்கு வந்து அதே கேள்வியை அங்கிருந்தவரிடமும் கேட்டுப் பார்த்தோம். "ஒருவருக்காக எல்லோருடைய பயணத்தையும் குழப்ப முடியாதுதானே" என்று மரியாதையாகச் சிரித்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அத்தோடு எங்கள் மூன்று வாரச் சண்டை முடிந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அவள், "நானும் வாறன்" என்றாள்.

காலை ஆறரைக்குப் படகு இறங்கியது. காற்று எழும்ப முன் போய்வர வேண்டும் என்பது நானாவின் கணக்கு. கடல் எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. அவள் நடுவில், எங்கள் இருவருக்கு இடையில் இருந்தாள். அங்கியின் பட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முக்கால் மணித்தியாலம் போனோம். ஆழக்கடலின் நிறம் தெரியத் தொடங்கிய இடத்தில், தூரத்தில் ஐந்தாறு படகுகள் வட்டமடிப்பது தெரிந்தது. கனடாக்காரி எழும்பி, "அங்கை! அங்கை!" என்று கத்தினாள். நானா அந்தப் பக்கம் போகவில்லை. படகுகளுக்குத் தெற்கே, நன்றாக விலகி, ஒரே சீராக ஓட்டினார். கொஞ்ச நேரத்தில், துரத்தப்பட்ட கூட்டத்தின் ஒரு பகுதி பிரிந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கியது.

நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். கரிய முதுகுகள் வரிசை வரிசையாக எழும்பி எழும்பித் தாழ்ந்தன. ஒன்று பாய்ந்து, மூன்று நான்கு தரம் சுற்றி, பொத்தென்று விழுந்தது. ஐம்பதுக்குக் கிட்டிய ஆறு பெண்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்போலக் கூச்சலிட்டோம். "ரீச்சர் கீறினது சரிதானடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

அப்போது நானா, சொன்னபடியே, இயந்திரத்தை நிறுத்தினார்.

இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று படித்துப் படித்து எங்கள் தாளில் முதலில் எழுதி வைத்தவர்கள் நாங்கள்தான். அந்த நிசப்தம் எப்படி இருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. தண்ணீர் படகில் தட்டும் சத்தம் மட்டும். பிறகு, மிகக் கிட்ட, 'புஸ்' என்று ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. ஐந்து பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தோம். நடுவில் இருந்தவளின் கை எங்களில் ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. முகம் வெளிறி, வியர்த்து, மூச்சு மேல்மேலாக வாங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் நாடியைப் பிடித்தாள். அது ஓடிய ஓட்டம் கடல் வாந்தியின் ஓட்டம் இல்லை.

"திரும்புவம்," என்றாள். சத்தமே வரவில்லை.

நானா கேட்டுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. மகனுக்குக் கண்ணைக் காட்டினார். இயந்திரம் இயங்கியது. டொல்பின்கள் இன்னும் அங்கேதான் நின்றன. நாங்கள் வந்து பத்து நிமிடமும் ஆகியிருக்காது. கனடாக்காரி கையில் இருந்த தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து அவளுடைய காலடியில் இருந்தாள். கரை வரும்வரை ஒருவரும் பேசவில்லை.

தேநீர்க் கடையில்தான் சொன்னாள். 1993. அவளுக்குப் பதினைந்து, பதினாறு வயது. சின்னம்மாவோடு கிளாலியால் போனாள். இரவு, விளக்கில்லாத படகுகள். ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றால் தொடுத்து, முன்னால் இயந்திரப் படகு இழுத்துப் போனது. நடுவில் எங்கோ வெடிச்சத்தம். முன்படகு இயந்திரத்தை நிறுத்தியது. ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்றார்கள். சின்னம்மாவின் கையில் எட்டு மாதக் குழந்தை. அது சிணுங்கத் தொடங்கியது. சின்னம்மா அதன் வாயைப் பொத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவள் அந்த இருட்டில் குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. இயந்திரம் மறுபடி இயங்கிய பிறகுதான் குழந்தை வீரிட்டு அழுதது.

"அவனுக்கு இப்ப முப்பத்தொரு வயது. மெல்பேணிலை இருக்கிறான். வாய் மூடமாட்டான்," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

எங்கள் ஆறு பேரில் நால்வர் அந்தக் கடலைக் கடந்தவர்கள். முப்பது வருடத்தில் ஒருவரை ஒருவர் ஒரு முறையும் கேட்டதில்லை. நீ எந்தப் படகில் போனாய், உனக்குப் பக்கத்தில் யார் இருந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று அந்தத் தேநீர்க் கடை வாங்கில் இருந்துதான் கேட்டுக்கொண்டோம். பதினொரு மணி மட்டும் இருந்தோம். கடைக்காரர் நான்கு தரம் தேநீர் ஊற்றினார்.

நானா எண்ணெய்க் காசை மட்டும்தான் கேட்டார். முழுக் காசையும் எண்ணி அவர் கையில் வைத்தவள் கனடாக்காரி. அவர் மறுத்தார். அவள் விடவில்லை. அரைவாசியில் முடிந்தது.

அடுத்த நாள் திரும்பிப் போவதாக இருந்தோம். இரவு அவள், "நாளைக்குக் காலமை ஒருக்கால் போட்டுப் போவமோ? ஆனா இஞ்சினை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லு" என்றாள். மருத்துவர் வேண்டாம் என்றாள், இன்னொரு முறை பார்ப்போம், அவசரம் இல்லை என்றாள். "நீ குளிசை தந்த ஆள்தானே," என்றாள் அவள். அதற்கு மேல் எங்களுக்கு வாய் திறக்க முடியவில்லை.

"நிப்பாட்டாம நியூட்ரல்ல வைப்பம்," என்றார் நானா. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் டொல்பின் ஒன்றும் வரவில்லை. முதல்நாள் போன இடத்துக்குப் போனோம், இன்னும் தெற்கே போனோம். பறவைக்கோலாக்கள் கூட்டமாக எழும்பிப் பறந்து தண்ணீரில் விழுந்தன. தூரத்தில் மைத்துனரின் படகு ஒரு புள்ளியாக நின்றது. வேறு ஒன்றும் இல்லை. விடுதிப் படகு எங்களைக் கடந்து வடக்கே விரைந்தது. அதன் அலையில் எங்கள் படகு ஆடியது, பிறகு அடங்கியது. இயந்திரம் நியூட்ரலில் முனகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடி இருந்தாள்.

"நானா, இப்ப நிப்பாட்டுங்கோ," என்றாள்.

அவர் நிறுத்தினார். நாங்கள் ஐந்து பேரும் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்தோம். மருத்துவர் மட்டும் தன் மணிக்கூட்டைப் பார்த்தாள், பழக்கதோஷம். ஏழு நிமிடம். பிறகு அவளே, "சரி, பசிக்குது" என்றாள்.

2010 வகுப்புத் தங்கைமார் ஆவணியில் திருகோணமலைக்குப் போகப் போவதாக அறிந்தோம். எங்கள் கேள்வித்தாளைத் திருத்தி எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். அனுமதி, அங்கி, ஆட்கள், தொலைபேசி, எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், காணாவிட்டால் என்ன என்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசிக் கேள்வி அவளுடையது, அவள் கேட்ட சொல்லிலேயே இருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தும் முன் எல்லோரிடமும் சொல்லிவிட்டு நிறுத்துவீர்களா என்று ஒன்றை அதற்கு முன்னால் நாங்கள் சேர்த்திருக்கிறோம்.

அவள் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள், கதையைச் சொல்லச் சொன்னாள். எழுதியதை நேற்றிரவு அவளுக்கு வாசித்துக் காட்டினோம். வளையல் உடைந்தது ஒன்றில்லை, இரண்டு என்று திருத்தினாள்.